ஸ்டான்லிக்கு முன்னால் ஒரு வாசல்: வடசென்னையின் கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரிகளை எப்படிப் பயன்படுத்துவது

சுகர் மாத்திரை தீர்ந்துபோனதற்காகக் கொருக்குப்பேட்டையிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் விடியற்காலையிலேயே கிளம்பி, ஸ்டான்லியில் சீட்டு வாங்கி, அன்றைய கூலியை இழந்து மதியம் வரை காத்திருப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அதே மாத்திரை, அதே அரசு முத்திரையோடு, நடக்கிற தூரத்தில் இருக்கும் கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியில் கிடைக்கிறது. பழக்கம்தான் ஆட்களைப் பழைய ஜெயில் ரோட்டுக்கு இழுக்கிறது. 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்ததால், பெரியவர்கள் ஸ்டான்லியைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். இரண்டு நூற்றாண்டுக்கு மேலாக உடம்புக்கு எது வந்தாலும் அங்கேதான் என்று ஓடிய பகுதி இது. அந்த நம்பிக்கையில் தவறில்லை. ஆனால் சாதாரண ரத்த அழுத்தத்துக்கும் மாத மருந்துக்கும் அங்கே போவதால் நோயாளிக்கும் நஷ்டம், அங்கே உயிருக்குப் போராடிக்கொண்டு வருபவருக்கும் நஷ்டம்.

முதலில் எது எங்கே என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் என்று மாநகராட்சியின் முதல் ஆறு மண்டலங்களும் சேர்ந்ததுதான் ஏறக்குறைய நாம் சொல்லும் வடசென்னை. இங்கே மக்கள் பொதுவாகக் கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரி என்று சொல்வது மூன்று வகைக் கட்டடங்களை. சிறியது நகர்ப்புற நலவாழ்வு மையம். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு சுகாதார ஆய்வாளர், ஓர் உதவியாளர், அவ்வளவுதான் அங்கே ஆட்கள். காலை 8 முதல் 12 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் இயங்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த மாலை நேரம்தான் பெரிய உதவி; இதைத் தெரியாமல் லீவு போட்டுக்கொண்டு காலையில் வருபவர்கள் அதிகம். அடுத்தது நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். லேப், மருந்தகம், தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, காசநோய் சளிப் பரிசோதனை எல்லாம் இதில்தான். மூன்றாவது, பிரசவம் பார்க்கும் 24 மணி நேர நகர்ப்புற சமுதாய சுகாதார நிலையம். உங்கள் தெரு எந்த நிலையத்தின் எல்லைக்குள் வருகிறது என்பதை ஒரு தடவை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெளிநோயாளியாக எங்கே வேண்டுமானாலும் காட்டலாம். ஆனால் வீட்டுக்கு மாத்திரை கொண்டு வருவதும், கர்ப்பிணியைத் தேடி வரும் நர்ஸும், தடுப்பூசிக் கணக்கும் எல்லைப்படிதான் நடக்கும்.

எல்லாமே இலவசம். சீட்டு, டாக்டர், ரத்தப் பரிசோதனை, மாத்திரை எதற்கும் காசு கிடையாது. ஆதார் கேட்பது பதிவேட்டில் ஆள் மாறிப்போகாமல் இருக்கத்தான். அது கையில் இல்லை என்பதற்காகக் காய்ச்சலோடு வந்தவர் திரும்பிப் போக வேண்டியதில்லை. எப்போதும் ஒரே போன் நம்பரைக் கொடுப்பது நல்லது. மகன் நம்பர், பக்கத்து வீட்டு நம்பர் என்று மாறி மாறிக் கொடுத்தால் ஒரே ஆள் மூன்று பெயராகப் பதிவாகிவிடுவார். பழைய ரீடிங் எதுவும் டாக்டர் கண்ணில் படாது.

கையில் என்ன கொண்டுபோக வேண்டும்? நோட்டு. சுகர், பிரஷர் நோயாளிகளுக்குத் தரும் அந்தச் சின்ன நோட்டுதான் உங்களுடைய முழு மருத்துவ வரலாறு. அதோடு இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், தனியார் கிளினிக்கில் வாங்கியது, நாட்டு மருந்துக் கடையில் வாங்கியது உட்பட. “வெள்ளை மாத்திரை ஒண்ணு, மஞ்சள் ஒண்ணு” என்று சொன்னால் எந்த டாக்டருக்கும் பயன்படாது. அரசு மருந்துகளைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் டெண்டர் விட்டு மொத்தமாக வாங்குகிறது. 1990-களின் நடுவிலிருந்து இதுதான் நடைமுறை. டெண்டரில் கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறமும் அளவும் மாறும், உள்ளே இருக்கும் மருந்து அதேதான். நிறம் மாறியதும் “இது வேற மாத்திரை” என்று நினைத்துப் பழையதையும் புதியதையும் சேர்த்துச் சாப்பிட்டு, சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவது உண்டு. அட்டையில் இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு மருந்தாளுநரே காலை, இரவு என்று அட்டையில் குறியிட்டுத் தருவார். கேட்டால் மறுக்க மாட்டார்.

சுகரும் பிரஷரும்

இந்த நிலையங்களின் பாதி வேலை இதுதான், பாதித் தவறும் இதில்தான். ரத்தப் பரிசோதனையிலிருந்தே தொடங்குகிறது சிக்கல். வெறும் வயிற்று ரத்தம் என்றால் குறைந்தது 8 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கலாம், காபியும் டீயும் கூடாது. காலை சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினியாக வரிசையில் நிற்கக் கூடாது. கை நடுங்கி வியர்த்துவிடும். மாத்திரையையும் டிபனையும் பையில் எடுத்துப் போங்கள். ரத்தம் கொடுத்ததும் வழக்கமான மாத்திரையை வழக்கமான முறையில் போட்டு, வழக்கமான அளவு சாப்பிடுங்கள். முதல் வாய் வைத்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து சரியாக இரண்டு மணி நேரத்தில் அடுத்த ரத்தம்.

சிலர் “உண்மையான சுகர் தெரியட்டும்” என்று முதல் நாளே மாத்திரையை நிறுத்திவிட்டு வருவார்கள். அளவு ஏறிக் கிடக்கும். மருந்து போதவில்லை என்று நினைத்து டாக்டர் டோஸைக் கூட்டுவார். வீட்டுக்குப் போய்க் கூட்டிய டோஸை ஒழுங்காகச் சாப்பிட்டதும் சர்க்கரை தாழும். இன்னொரு வகையினர் பரிசோதனைக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் கஞ்சி குடித்து ரீடிங்கைக் குறைத்துக் காட்டுவார்கள். அவர்களுக்காகத்தான் மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை. அது 6.5 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் சர்க்கரை நோய். வெறும் வயிற்றில் 126, சாப்பிட்ட பின் 200 என்பவையும் நோயைக் கண்டறியும் எல்லைகள்தான். ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவருக்கு இலக்கு வேறு; அதை வயதையும் சிறுநீரகத்தையும் பார்த்து டாக்டர் சொல்வார்.

பிரஷர் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டே கையை நீட்டினால் வரும் எண் உங்கள் பிரஷர் அல்ல. அரை மணி நேரத்துக்குள் டீ, காபி, பீடி கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட்டு, கை நெஞ்சு மட்டத்தில் ஏதாவது ஒன்றின் மேல் இருக்க வேண்டும். 140-க்கு 90 என்பது எல்லை. ஒரே தடவை பார்த்து முடிவு செய்வதில்லை. இன்னொரு நாள் வரச் சொன்னால் அலைக்கழிக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம்.

மாத்திரையைப் பாதியில் நிறுத்துபவர்கள் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் பக்கவிளைவுகள்தான். அம்லோடிபின் சாப்பிட்டுக் கணுக்கால் வீங்கும். எனலாப்ரில் சாப்பிட்டு வறட்டு இருமல் வரும். மெட்ஃபார்மினை வெறும் வயிற்றில் போட்டால் வயிறு கலக்கும். மூன்றுக்கும் வழி உண்டு: மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், சாப்பாட்டோடு போடலாம். ஆனால் இதை டாக்டரிடம் சொன்னால்தானே மாற்ற முடியும்? பேசாமல் நிறுத்திவிட்டு, ஆறு மாதம் கழித்து வாய் கோணிப்போய்த் தூக்கிக்கொண்டு வருவதுதான் இந்தப் பகுதியின் பெரிய துயரம். “இப்போ நார்மலா இருக்கு, ஏன் போடணும்?” என்று கேட்கிறார்கள். நார்மலாக இருப்பதே அந்த மாத்திரையால்தான்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், அளவு நிலையாக இருப்பவர்களுக்குப் பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தருகிறார். வீட்டிலேயே பிரஷரும் விரல் நுனியில் சுகரும் பார்ப்பார். மருந்து வீட்டுக்கே வருவதால் டாக்டரைப் பார்க்கவே தேவையில்லை என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். அது தவறு. சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், கண்ணின் விழித்திரை, பாதத்தின் உணர்ச்சி என இந்த நான்கையும் வருடத்துக்கு ஒரு தடவையாவது பார்த்தாக வேண்டும். விழித்திரைக்கு எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் போய்விட்டு வாருங்கள். பார்வை மங்கிய பிறகு போனால் போனது திரும்பாது. வீடு மாறினால் பழைய தன்னார்வலரிடமும் புதிய நிலையத்திலும் சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால் பெயர் பழைய பட்டியலிலேயே நின்றுவிடும், மாத்திரை நின்றுவிடும்.

இன்சுலின் போடுபவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. புட்டியில் 40 யூனிட் என்று இருந்தால் சிகப்பு மூடி சிரிஞ்சு, 100 யூனிட் என்று இருந்தால் ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான்; சுகர் இறங்கவே இறங்காது. நேர்மாறாக, 100 யூனிட் மருந்தைச் சிகப்பு சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் 50 யூனிட் உள்ளே போகும். அது உயிருக்கே ஆபத்து. மெடிக்கல் ஷாப்பில் சிரிஞ்சு வாங்கும்போது மூடியின் நிறத்தைப் பார்த்து வாங்குங்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் புட்டியைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி, தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் நனையாமல் வைக்கலாம். ஃபிரிட்ஜ் இருந்தாலும் மேலே ஐஸ் உறையும் அறையில் வைக்கக் கூடாது. உறைந்த இன்சுலின் கெட்டது. திடீரென்று வியர்த்து, நடுங்கி, பேச்சு குழறினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியவில்லையென்றால் இன்னொரு முறை கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

காசநோய்

நெரிசலான, காற்று புகாத வீடுகள் நிறைந்த இடத்தில் இதைத் தள்ளிவைத்துப் பேச முடியாது. இரண்டு வாரம் தாண்டிய இருமல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, சளியில் ரத்தம் – இவற்றில் ஒன்று இருந்தாலும் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். இரண்டு மாதிரி கேட்பார்கள்: ஒன்று அங்கேயே, இன்னொன்று மறுநாள் காலை எழுந்ததும் பல் துலக்கும் முன். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்றே முடிவு வரும். வாயைத் தண்ணீரால் கொப்பளித்து, இரண்டு மூன்று முறை ஆழ மூச்சிழுத்து, அடிநெஞ்சிலிருந்து இருமிக் கெட்டியான சளியைத் துப்ப வேண்டும். வீட்டுக்குள் வேண்டாம், திறந்த வெளியில் எடுங்கள்.

மருந்து சாதாரணமாக ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று. அவற்றில் ஒன்றான ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். ரத்தம் என்று பயந்து நிறுத்தாதீர்கள். கண் மஞ்சளானால், ஓயாமல் வாந்தி வந்தால், பார்வை அல்லது நிறம் பிரித்தறிவதில் மாற்றம் தெரிந்தால் அன்றே நிலையத்துக்குப் போக வேண்டும். இரண்டாவது மாத முடிவில் இருமல் நின்று எடை கூடும். வேலைக்குத் திரும்பியவர் மாத்திரையை விடுவதும் அப்போதுதான். உடம்பு தேறினாலும் ஒளிந்திருக்கும் கிருமி சாகவில்லை; விட்ட மருந்துக்கு அது பழகிவிட்டால் அடுத்த சிகிச்சை இன்னும் நீளம், இன்னும் கடுமை.

இந்நோய்க்காரரை வீட்டிலிருந்து ஒதுக்க வேண்டும் என்ற எண்ணத்தைச் சென்னையே பொய்யாக்கியிருக்கிறது. 1950-களின் கடைசியில் இங்கே நடந்து 1959-இல் வெளியான ஆய்வு, நெரிசலான ஏழை வீடுகளில் தங்கி மாத்திரை சாப்பிட்டவர்களும் சானடோரியம் என்னும் காசநோய் விடுதியில் படுத்திருந்தவர்களுக்கு இணையாகக் குணமானதைக் காட்டியது. உலகமே வீட்டுச் சிகிச்சைக்கு மாறியதில் அதற்குப் பங்கு உண்டு. தனித் தட்டு, தனி டம்ளர் தேவையில்லை. ஜன்னல் திறந்திருக்க வேண்டும், இருமும்போது வாயை மூட வேண்டும், முதல் சில வாரங்கள் மாஸ்க் போட வேண்டும். கூட இருப்பவர்கள் எல்லோரையும், முக்கியமாக 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளை, கூட்டிப் போய்க் காட்டித் தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள். சிகிச்சை முடியும்வரை சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2024 நவம்பருக்கு முன் இது 500. கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும் பணம் நின்றுவிடும் என்பதால் பாஸ்புக் நகலையே கொடுங்கள். நோய் முற்றியவர்களையும் மருந்துக்குக் கட்டுப்படாதவர்களையும் ஓட்டேரி காசநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்.

குழந்தைகளும் கர்ப்பிணிகளும்

தடுப்பூசி நாள் புதன்கிழமை. பிறந்ததும் பிசிஜி, போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை ஊசி. பிறகு 6, 10, 14-ஆம் வாரங்கள். 9-ஆம் மாதம் தட்டம்மை-ரூபெல்லா. 16 முதல் 24 மாதத்துக்குள் பூஸ்டர். பிசிஜி, தட்டம்மை-ரூபெல்லா புட்டிகளைக் கலக்கினால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மீதியைக் கொட்டிவிட வேண்டும். அதனால்தான் சில இடங்களில் குழந்தைகளைச் சேர்த்து ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு வரச் சொல்கிறார்கள். ஊசி போட்ட பின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். ஒரு தவணை தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

அன்றிரவு காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கும்போதுதான் ஆபத்தான குழப்பம் நேர்கிறது. கணக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம். 5 கிலோ குழந்தைக்கு 75 மில்லிகிராம். 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப்பில் அது 3 மில்லி. ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தில் முக்கால் மில்லி. சிரப்பின் அளவைச் சொட்டு மருந்தில் கொடுத்தால் நான்கு மடங்கு போய்விடும். புட்டியைப் படித்துவிட்டுக் கொடுங்கள். ஆறு மணி நேரத்துக்குள் மறுபடி கொடுக்காதீர்கள்.

குழாய்த் தண்ணீரில் கழிவுநீர் கலந்து வரும் நாட்களில் வயிற்றுப்போக்கு தெருத்தெருவாகப் பரவும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் முழுவதையும் ஆறவைத்த வெந்நீர் ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். கால் பாக்கெட்டை டம்ளரில் கண்ணளவில் கரைத்தால் உப்பு கூடிக் குழந்தை இன்னும் வறண்டுபோகும். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். கூடவே தரும் ஜிங்க் மாத்திரை 14 நாள். பேதி மூன்றாம் நாளே நின்றாலும் முடிக்க வேண்டும், அடுத்த தாக்குதலைத் தடுப்பது அதுதான்.

கர்ப்பம் உறுதியானதும், 12 வாரத்துக்குள், பதிவு செய்து பிக்மி எண், அதாவது அரசின் கர்ப்பப் பதிவு எண், வாங்கிவிடுங்கள். பிரசவம் தனியாரில் பார்ப்பதாக இருந்தாலும் இந்த எண் வேண்டும். குழந்தையின் பிறப்புப் பதிவில் கேட்பார்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியான 18,000 ரூபாய்க்கும் (14,000 ரொக்கம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகங்கள்) இதுதான் அடிப்படை. தாமதமாகப் பதிந்தவர்கள் பெட்டகத்தையும் தவணையையும் இழந்து அலைவதைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது. அம்மா வீடு ஒரு பகுதி, மாமியார் வீடு ஒரு பகுதி என்றால் இரண்டு இடத்திலும் புதிதாகப் பதியக் கூடாது. பதிந்த எண்ணையே இரண்டாவது இடத்தில் காட்டுங்கள்.

சர்க்கரைப் பரிசோதனைக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுப்பார்கள், சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை. இரண்டு மணி நேரம் கழித்து 140-உம் அதற்கு மேலும் என்றால் கர்ப்பகால நீரிழிவு. குடித்ததும் வாந்தி எடுத்துவிட்டால் சொல்லிவிடுங்கள், இன்னொரு நாள் செய்வார்கள். இரும்புச்சத்து மாத்திரை நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, குறைந்தது 180 நாள். இதையும் கால்சியத்தையும் ஒரே நேரத்தில் போட்டால் இரும்பு உடம்பில் சேராது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டீயோடும் கூடாது. மலம் கறுப்பாகப் போவது இயல்பு. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் மாத்திரை போதாது, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு ஆஸ்பத்திரி போன்ற பெரிய இடத்துக்கு அனுப்புவார்கள். ரத்தப்போக்கு, வலிப்பு, கடும் தலைவலியோடு கண் மங்குவது, குழந்தை அசைவு குறைவது – இவற்றுக்குச் செக்கப் நாள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

நாய்க்கடி, மழைக் காய்ச்சல், மூச்சுத் திணறல்

நாய் கடித்தால் முதல் சிகிச்சை வீட்டுக் குழாயடியில். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்காதீர்கள், கட்டும் போடாதீர்கள். ஊசி நான்கு தடவை: முதல் நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28. ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் வேண்டும். அது எல்லா நிலையத்திலும் இருக்காது, ஸ்டான்லி போன்ற இடத்துக்கு அனுப்புவார்கள். அன்றே போக வேண்டும். பத்தியம் எதுவும் இல்லை, கறி மீன் தாராளமாகச் சாப்பிடலாம். காயம் ஆறிவிட்டது என்று 28-ஆம் நாள் ஊசியை விடுபவர்கள் அதிகம். ரேபிஸ் வந்தபின் சிகிச்சை இல்லை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை காய்ச்சலோடு போகும்போது எத்தனையாவது நாள் காய்ச்சல் என்பதைச் சொல்லுங்கள். டெங்குவுக்கு முதல் ஐந்து நாள் ஒரு பரிசோதனை, அதன்பின் வேறு பரிசோதனை. நாளை மாற்றிச் சொன்னால் நோய் இருந்தும் தப்பிவிடும். காய்ச்சல் விடும் நேரம்தான் டெங்குவில் கவனிக்க வேண்டிய நேரம். வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடல் வந்தால் உடனே பெரிய ஆஸ்பத்திரி. டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஊசி போட்டுக்கொள்ளவும் வேண்டாம். பக்கிங்ஹாம் கால்வாயோ ஓட்டேரி நாலாவோ பொங்கிய தண்ணீரில் இறங்கியிருந்தால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். டாக்டர் கேட்காமல் விட்டாலும் நீங்கள் சொன்னால்தான் அந்தத் திசையில் யோசிப்பார்.

மணலி, எண்ணூர் பக்கம் அனல் மின் நிலையமும் சுத்திகரிப்பு ஆலையும் சூழ வாழ்பவர்களுக்கு இழுப்பு அடிக்கடி வரும். இன்ஹேலர் போட்டால் பழகிவிடும் என்ற பயம் வேண்டாம். மாத்திரையைவிடக் குறைந்த மருந்து நேராக நுரையீரலுக்கே போகிறது. குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போது அழுத்தி, பத்து நொடி மூச்சை அடக்க வேண்டும். அழுத்திவிட்டுப் பிறகு இழுத்தால் மருந்து தொண்டையிலேயே தங்கிவிடும்.

எதற்கு நேராகப் பெரிய ஆஸ்பத்திரி

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை விழுவது, பேச்சு குழறுவது பக்கவாதம். சுகாதார நிலையத்துக்குப் போய் நேரத்தை இழக்காதீர்கள். சி.டி. ஸ்கேன் எடுத்து ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போட நான்கரை மணி நேரம்தான் அவகாசம். அந்தக் கணக்கு அறிகுறியைப் பார்த்த நேரத்திலிருந்து அல்ல, நோயாளி நன்றாக இருந்ததைக் கடைசியாகப் பார்த்த நேரத்திலிருந்து. அந்த நேரத்தைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுபோங்கள். தீக்காயம் என்றால் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி.

நெஞ்சுவலிக்கு மட்டும் நிலைமை கொஞ்சம் வேறு. மாரடைப்பு என்று சந்தேகப்பட்டால் உடனே கொடுக்க, ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டார்வாஸ்டாடின் என 14 மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தயாராக இருக்கும்; 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டம் இது. பக்கத்தில் நிலையம் திறந்திருந்தால் அங்கே போய் மாத்திரையை வாங்கிக்கொண்டு 108-இல் ஸ்டான்லிக்குப் போகலாம். மூடியிருந்தால் காத்திருக்காமல் நேராக 108.

பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பும்போது ரெஃபரல் சீட்டில் மூன்று விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: என்ன காரணத்துக்காக, என்னென்ன பரிசோதனை செய்தாகிவிட்டது, கடைசியாக எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள். வெறுமனே ‘மேல் சிகிச்சைக்கு’ என்று மட்டும் இருந்தால் அங்கே எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்வார்கள். எழுதித் தரும்படி கேட்பது உங்கள் உரிமை. டிஸ்சார்ஜ் ஆனதும் அந்தச் சுருக்கக் குறிப்போடு திரும்ப உள்ளூர் நிலையத்துக்கு வந்து காட்டினால், மாத மருந்தை இங்கேயே தொடரலாம். ஆபரேஷன் போன்றவற்றுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீசில் எடுக்கலாம். உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்து வையுங்கள்.

மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பினால் சண்டை போடாமல், எந்த மருந்து, எந்த நாள், சீட்டு எண் என்ன என்று குறித்துக்கொண்டு முதலில் நிலைய டாக்டரிடம் சொல்லுங்கள். பக்கத்து நிலையத்திலிருந்து வரவழைக்கவோ மாற்று மருந்து எழுதவோ அவரால் முடியும். அப்படியும் நடக்கவில்லையென்றால் மாநகராட்சியின் 1913, சுகாதாரத் துறையின் 104. நாளும் மருந்தின் பெயரும் சேர்த்துச் சொன்ன புகார்தான் மேலே போகும். “எப்பவுமே மருந்து இல்லீங்க” என்று பொதுவாகச் சொன்னால் எதைச் சரிபார்ப்பது என்று யாருக்கும் தெரியாது.